மூன்றாவது சொட்டு

கரும்பலகை தெரிகிறதா என்று டீச்சர் கேட்டதும் இருபத்திரண்டு பிள்ளைகளும் "தெரியுது மிஸ்" என்று ஒரே குரலில் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பின்னால், ரயில்வேயில் ரிட்டையரான லாசரஸ் சார் தன் வீட்டுக் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு நடத்திய பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்பு வரை. என் அக்கா தபீதாள் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் விலங்கியல் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு மைக்ராஸ்கோப். பித்தளைக் குழாய், கீழே வெயிலைப் பிடிக்க ஒரு சின்னக் கண்ணாடி. அதைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டு என்று அக்கா பத்து நாளாக நச்சரித்தாள். போனேன்.

குரோம்பேட்டையில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் கம்பெனியில் எனக்கு நைட் ஷிஃப்ட். பார்ப்பதுதான் வேலை. பாட்டிலை விளக்குக்கு முன்னால் கவிழ்த்துப் பிடித்து, முதலில் கறுப்புப் பலகைக்கு எதிரே, பிறகு வெள்ளைப் பலகைக்கு எதிரே பார்க்க வேண்டும். தூசியோ நாரோ மிதந்தால் தள்ளிவிட வேண்டும். நாங்கள் தூங்கிவிடாமல் இருக்க சூப்பர்வைசர் தெரிந்தே ஒரு அழுக்குப் பாட்டிலை வரிசையில் நுழைத்துவிடுவார். நாலு வருஷம் அதைச் செய்தவனுக்கு எதையும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வராது, யாரையும்கூட.

அதனால் பிள்ளைகளிடமும் அதையே செய்தேன். முதல் நாள் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, கண்ணாடிச் சில்லே வைக்காமல், வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே வெறும் வெளிச்சம் மட்டும்தான். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"பூச்சி தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

"எப்படி இருக்கு?"

"பெர்ஸ்ஸா கீது. கால்லாம் கீது."

இருபத்தோரு பேர் அப்படித்தான். டீச்சர் கேட்டால் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் அங்கே மூன்று வருஷமாகப் படித்த பாடம். கடைசியாக வந்தது கனகவல்லி. எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், யூனிஃபார்மில் வேறு நிறத்து ஒட்டு. பள்ளி ஆயா கிளியம்மாளின் மகள். கிளியம்மாள் வேலை செய்வதால் இவளுக்குப் படிப்பு இலவசம். அவள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணும் தெர்லண்ணா. வட்டமா வெள்ச்சம்தான் கீது."

வகுப்பே சிரித்தது. "அய்ய, இவ கண்ணு நொள்ளை!" என்றான் முன் பெஞ்சுப் பையன் ஒருவன்.

"அவ ஒருத்திதான் கரெக்ட்டு. உள்ள ஒண்ணுமே வைக்கல" என்றேன்.

சிரிப்பு நின்றது. அக்கா என்னை முறைத்தாள். "புள்ளைங்ககிட்ட போய் இப்படி ஏமாத்துவியாடா?"

"ஏமாத்துனது அவங்கதான்" என்றேன்.

அடுத்த வாரம் உண்மையிலேயே காட்டினேன். வைக்கோலை நறுக்கிக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி ஏரித் தண்ணீர் விட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் எட்டு நாள் வைத்திருந்தேன். மேலே ஆடை படிந்து, நாற்றம் எடுத்தது. அதில் ஒரு சொட்டுக்குள் நூறு பாரமீசியம். செருப்பின் அடிப்பாகம் மாதிரி உருவம். சுற்றிலும் மயிர் போல இழைகள், அதை அடித்துக்கொண்டு ஓடும்.

அக்கா கரும்பலகையில் பெரிதாக வரைந்தாள். "நம்ம உடம்புல கோடிக்கணக்குல செல் இருக்கு. இதுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணே சாப்பிடும், ஓடும், மூச்சுவிடும்."

"அதுக்கு வாய் கீதா மிஸ்?"

"பக்கத்துல ஒரு பள்ளம் மாதிரி இருக்கும். அதான் வாய்."

"எங்க ஒண்ணுக்குப் போவும்?"

வகுப்பு சிரித்து உருண்டு புரண்டது. அக்கா என்னைப் பார்த்தாள். "உள்ள ஒரு பை இருக்கு. ரொம்பினா சுருங்கி வெளிய தள்ளிடும்" என்றேன்.

"அதோட அம்மா எங்க?" கனகவல்லி கேட்டாள்.

"அம்மா கிடையாது. ஒண்ணு நடுவுல இறுகி ரெண்டா பிரிஞ்சிடும்."

"அப்ப ரெண்டுல எது அம்மா, எது புள்ள?"

"ரெண்டும் இல்ல."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். அன்று இருபத்திரண்டு பேரும் நிஜமாகவே பார்த்தார்கள். அது எனக்குத் தெரியும். நிஜமாகப் பார்த்தவன் 'தெரியுது' என்று சொல்வதில்லை. 'ஐயோ' என்று பின்வாங்குகிறான்.

லாசரஸ் சாரும் வந்து பார்த்தார். பள்ளியில் கண்காட்சி வரப்போகிறது, பெற்றோர்கள் வருவார்கள், அடுத்த வருஷ அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏசுபாதம், மூணு பாட்டில் வெச்சிடு. ஒண்ணு ஏரித் தண்ணி, ஒண்ணு உன் வைக்கோல் தண்ணி, மூணாவது நம்ம ஸ்கூல் குடிதண்ணி. முதல் ரெண்டுலயும் பூச்சி ஓடும். மூணாவதுல ஒண்ணும் இருக்காது. பேரன்ட்ஸ் பாக்கட்டும். இந்த ஏரியாவுல யார் வெந்நீர் காய்ச்சிக் குடுக்கறான்?"

உண்மைதான். கிளியம்மாள் விடியற்காலையில் வந்து கொல்லைக் கிணற்றில் இறைத்து, ஸ்டவ்வில் அண்டாவை ஏற்றிக் காய்ச்சி, பானையில் ஊற்றி வைப்பாள். அதைச் சொல்லித்தான் அவர் பள்ளி நோட்டீஸ் அடித்திருந்தார்.

கண்காட்சி சனிக்கிழமை. செம்பாக்கம் ஏரியில் நானே தண்ணீர் எடுத்தேன். பானைத் தண்ணீரை அக்கா ஒரு பாட்டிலில் பிடித்துத் தந்தாள். முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துச் சில்லில் விட்டு மாற்றி மாற்றி வைத்தேன். விளக்கம் சொல்வதற்கு அக்கா கனகவல்லியை நிறுத்தியிருந்தாள். நன்றாகச் சொன்னாள். "இது ஏரித் தண்ணி, இதுல அமீபா கூட இருக்கலாம். இது வைக்கோல் தண்ணி, இதுல பாரமீசியம்."

மூன்றாவது சில்லை வைத்தேன். லாசரஸ் சார் முன்னால் வந்து கும்பலைப் பார்த்துக் கையை விரித்தார். "இது நம்ம பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. கனகவல்லி, பாத்துச் சொல்லும்மா. என்ன தெரியுது?"

அவள் குனிந்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இதுலயும் செருப்பு கீது சார்."

"சரியா பாரு."

"கீது சார். ரெண்டு ஓடுது. மூணு."

நான் அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். மூன்று இருந்தன.

வேதசிரோமணி என்று ஒருவர். டெலிபோன் ஆபீஸில் வேலை. அவர் மகன் இரண்டாம் வகுப்பு. போன மாதம் பேதியாகி ஒரு வாரம் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "சார், தண்ணி காய்ச்சறாங்கன்னு நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

லாசரஸ் சார் பார்த்ததில்லை. விடியற்காலையில் அவர் ஜெபத்தில் இருப்பார். அவர் கண்கள் கும்பலைத் தாண்டி, தூண் ஓரமாகப் பிஸ்கட் தட்டோடு நின்ற கிளியம்மாளிடம் போயின. எல்லோருடைய கண்களும் போயின. கனகவல்லியின் கண்களும்.

"தினம் காய்ச்சறேன் சார். கர்த்தர் மேல ஆணையா. உங்க சாமி மேலயே சொல்றேன்" என்றாள் கிளியம்மாள்.

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

அவள் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தாள். மண்ணெண்ணெய் எங்கே போகிறது என்று ஒருத்தர் கேட்டார். அவள் வீட்டில் ஸ்டவ் எரிகிறதே என்று இன்னொருத்தர் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று லாசரஸ் சார் சொல்லிவிட்டார். மகள் இந்த டெர்ம் முடியும்வரை வரலாம், அதற்குமேல் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஃபீஸ் கட்ட வேண்டும் என்றார். அதற்கு அவளால் முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் கிளியம்மாள் மேல்தான் சந்தேகம். ஐந்து மணிக்கு எழுந்து ஒரு அண்டாத் தண்ணீரை, யாரும் பார்க்காதபோது, தினமும் காய்ச்ச மனுஷிக்கு என்ன தலையெழுத்து? நானாக இருந்தால் காய்ச்ச மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல், ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவனை அவள் வந்து எழுப்பினாள். வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"தம்பி, அந்தக் குழாயில தெரிஞ்சது நெசந்தானா?"

"நெசந்தான்."

"நான் காய்ச்சனதும் நெசந்தான். அப்ப எது பொய்யி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா தம்பி இப்டி சொல்றே? குழாய் உன்து. கொணாந்தது நீ. என் பொண்ணு மூணு நாளா வூட்ல தண்ணி குடிக்கல. சொம்பைத் தூக்கிப் பாத்துட்டுப் பாத்துட்டு வெக்குது. 'நீ காய்ச்சினியாம்மா, நெசமாக் காய்ச்சினியாம்மா'ன்னு கேக்குது. பெத்தவளக் கேக்குது." அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். "வேலை போனா வேற வூட்ல பத்துப்பாத்திரம் தேய்ப்பேன். அது படிப்புதான் பூடும். அது மட்டும் பூடக் கூடாது."

போய்விட்டாள். அன்று கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் ஒரு பாட்டிலில் விட்ட ஊசியைத் துடைக்காமல் அடுத்ததில் விட்டான். சூப்பர்வைசர் அவன் கையில் அடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்காட்சியில் மூன்று பாட்டிலுக்கும் ஒரே இங்க் ஃபில்லர். வைக்கோல் தண்ணீரில் விட்ட மூக்கை அப்படியே குடிதண்ணீரில் விட்டிருக்கிறேன். கழுவவில்லை. நாலு வருஷமாக அடுத்தவன் அழுக்கைப் பிடிக்கிற வேலையில் இருக்கிறவன்.

காலையில் வீட்டுக்கு வந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன். ஃபில்லரை வைக்கோல் பாட்டிலில் விட்டு எடுத்து, அதையே ஆறிய வெந்நீரில் விட்டேன். ஒரு சொட்டு. நாலு செருப்பு ஓடியது.

நேரே லாசரஸ் சாரிடம் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தார்.

"நாலு நாள் கழிச்சு இது உனக்கு எப்படிப்பா தோணுச்சு?"

"தோணுச்சு சார்."

"கிளி உங்க வீட்டுக்கு வந்ததாமே. பகல்ல. தபீதா ஸ்கூல்ல இருக்கும்போது."

"வாசல்ல நின்னு பேசிட்டுப் போனாங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. ஜனங்க சொல்றத சொல்றேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்காகப் பழிய நீ ஏத்துக்கற மாதிரி எனக்குத் தெரியுது."

"பழி என்னுதுதான் சார். வேணும்னா எல்லார் முன்னாடியும் காட்டறேன். ஒரே பானைத் தண்ணி. அழுக்கு ஃபில்லர்ல ஒரு சொட்டு, புது ஃபில்லர்ல ஒரு சொட்டு. முதல்ல பூச்சி இருந்து, ரெண்டாவதுல இல்லன்னா தப்பு ஃபில்லருதுதான்."

அவர் யோசித்தார். அவருக்கு வேண்டியது கிளியம்மாள் அல்ல, பள்ளிக்கூடத்தின் பெயர். பதினோரு பேர் டி.சி. கேட்டிருந்தார்கள். "வர்ற சனிக்கிழமை. வேதசிரோமணியையும் கூப்பிடறேன். பானையிலேருந்து தண்ணிய நானே எடுப்பேன். நீ தொடக் கூடாது. புது ஃபில்லரும் நான் வாங்கறேன்" என்றார்.

"சரி சார். சுத்தமா இருந்தா?"

"இருந்தா அவ வரட்டும். பொண்ணும் பழையபடி படிக்கட்டும். இல்லேன்னா நீயும் உன் குழாயும் இந்தப் பக்கம் வராதீங்க."

சனிக்கிழமை நல்ல வெயில். கண்ணாடியில் வெளிச்சம் கொட்டியது. வகுப்பறையில் லாசரஸ் சார், அவர் மனைவி ஞானசௌந்தரி அம்மா, வேதசிரோமணி, அக்கா, நான், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர். கிளியம்மாள் வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கனகவல்லி பெஞ்சு நுனியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வாரம் தண்ணி யார் காய்ச்சினது?" என்று வேதசிரோமணி கேட்டார்.

"நான்தான், வேற யாரு?" என்றார் ஞானசௌந்தரி அம்மா. "முட்டி வலியோட தினம் நாலரை மணிக்கு எழுந்து காய்ச்சறேன். கொதிச்சு மூடி தூக்கிப் போடறவரைக்கும் பக்கத்துல நிக்கறேன்."

அந்த அம்மா பொய் சொல்கிறவர் அல்ல. எனக்கு நிம்மதியாக இருந்தது.

லாசரஸ் சார் பானையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். உறையைப் பிரித்துப் புது ஃபில்லரை மேஜையில் வைத்தார். முதலில் பழைய ஃபில்லர். வைக்கோல் பாட்டிலில் விட்டு எடுத்து, டம்ளரில் பாதியை வேறு கிண்ணத்தில் ஊற்றி, அதில் விட்டு, ஒரு சொட்டு. எல்லோரும் பார்த்தார்கள். வேதசிரோமணிக்கு ஒரு கண்ணை மூட வரவில்லை. அக்கா கையால் பொத்திவிட்டாள். "ஆமா, ஓடுது" என்றார்.

பிறகு புது ஃபில்லர். டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரிலிருந்து மூன்று சொட்டு, மூன்று சில்லு. முதலில் நான் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சில்லில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதை வைத்து ஓரத்திலிருந்து ஓரமாக நகர்த்தினேன்.

இடது பக்கத்தில் ஒரு செருப்பு. மெதுவாக, ஒரு தூசியில் முட்டி, பின்வாங்கி, திரும்பி, மறுபடி போனது.

புது ஃபில்லர். சாரே எடுத்த தண்ணீர். ஞானசௌந்தரி அம்மா பக்கத்தில் நின்று காய்ச்சியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாசல்படியில் கிளியம்மாள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"என்ன?" என்றார் லாசரஸ் சார்.

"நீங்க பாருங்க சார்" என்றேன்.

அவர் குனிந்தார். அவருக்குப் பார்க்கத் தெரியும். சிக்னல் விளக்கைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தலை மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது, எதையோ பின்தொடர்கிற மாதிரி. பிறகு நின்றது. நிமிர்வதற்கு முன்னால், குனிந்தபடியே, ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'இருக்கிறது' என்றால் ஃபில்லர் கதை செத்தது. கிளியம்மாள் மறுபடி திருடி. லாசரஸ் சார் பெண்டாட்டியை வேலையை விட்டு நிறுத்த முடியாது, பழி கிளியம்மாள் மேலேயேதான் நிற்கும். சும்மா இருந்தால் அவளுக்கு வேலை, பெண்ணுக்குப் படிப்பு. தண்ணீரைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேதசிரோமணி பார்த்தார். "எனக்கு என் இமைதான் தெரியுது" என்றார். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. என்னையும் லாசரஸ் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும். அந்தப் பொண்ணு சொல்லட்டும். அன்னிக்குப் பெத்த தாய்க்கு எதிராவே உள்ளதைச் சொன்ன புள்ள. அது சொன்னா நான் நம்பறேன்."

"கனகவல்லி, வாம்மா" என்றாள் அக்கா.

அவள் எழுந்து வந்தாள். வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஸ்டூலில் ஏறிக் குனிந்தாள். நான் சில்லை நகர்த்தவில்லை. அந்தச் செருப்பு தூசியைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு விரல் நகர்த்தியிருந்தால் போதும்.

வெளியே பல்லவன் பஸ்ஸுக்காக நிற்கிறவர்களின் பேச்சு கேட்டது. அவள் கண்ணைத் துடைத்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் லாசரஸ் சார் முகத்தை.

"ஒண்ணுமில்ல சார்."

"நல்லா பாத்தியா?" என்றார் வேதசிரோமணி.

"வெள்ச்சம்தான் சார் கீது."

வேதசிரோமணி தலையை ஆட்டினார். அவருக்குத் திருப்தி. லாசரஸ் சார் எனக்கு இரண்டு நிமிஷம் அறிவுரை சொன்னார், விஞ்ஞானம் என்றால் கவனம் வேண்டும், அரைகுறைப் படிப்பு ஆபத்து என்று. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துடு கிளி" என்றார். நான் சில்லை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தேன்.

எல்லோரும் போன பிறகு ஞானசௌந்தரி அம்மா பானைப் பக்கம் போனார். பின்னாலேயே போனேன்.

"அம்மா, அண்டாவுல காய்ச்சினா ஒன்பது மணி பெல்லுக்குள்ள ஆறிடுமா?"

"எங்கே ஆறுது! கை வைக்க முடியாது. புள்ளைங்க எப்படிக் குடிக்கும்? கிணத்துலேருந்து ஒரு வாளி சேந்தி விட்டு விளாவித்தான் பானைக்கு ஊத்துவேன். கிளியும் அப்படித்தானே செய்வா? அவதான் எனக்குச் சொன்னா." அவர் என்னைப் பார்த்தார். "ஏம்பா, என்ன?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அன்று எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சச் சொன்னார்கள், காய்ச்சினார்கள். குளிக்கிற வெந்நீரை விளாவுகிற கை குடிக்கிற வெந்நீரையும் விளாவியது. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, யாரும் மறைக்கவும் இல்லை. நோட்டீஸ் அடித்தவருக்கு, பாடம் நடத்தியவளுக்கு, நாலு வருஷமாகப் பாட்டில் பார்த்த எனக்கு, ஒருவருக்கும் 'காய்ச்சி, அப்புறம்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

கிளியம்மாளைக் கிணற்றடியில் பிடித்தேன். கனகவல்லி கூட நின்றாள். சந்தோஷமாக இருந்தாள் கிளியம்மாள். என்னைப் பார்த்ததும் கையெடுக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, விளாவுவதைப் பற்றிச் சொன்னேன். பச்சைத் தண்ணீரில் ஒரு செம்பு கலந்தாலும் காய்ச்சியதற்கு அர்த்தமில்லை என்று சொன்னேன்.

அவள் முகம் மாறியது. மறுபடி பழைய சந்தேகம், இந்த முறை என் மேல்.

"இப்ப ஒண்ணுமில்லன்னுதான தம்பி சொன்னாங்க?"

"சொன்னாங்க."

"அப்ப இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு."

அவள் மகளைப் பார்த்தாள். "நீ பாத்தியாடி?"

கனகவல்லி காலால் மண்ணைக் கிளறினாள். "பாத்தேன்."

"பின்ன இன்னாத்துக்குடி இல்லன்னு சொன்னே?"

"சார் பாத்தாரு, இல்லன்னாரு." அவள் தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தாள். "இந்த அண்ணனும் பாத்துச்சு. கம்முனு நின்னுச்சு."

கிளியம்மாள் அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள். அடித்தால், தனக்கு வேலை திரும்பக் கிடைத்ததற்காகவே அடித்ததாகிவிடும். பிறகு கையை இறக்கிச் சேலையில் துடைத்தாள்.

"சாயந்தரமே வந்து காய்ச்சி மூடி வெச்சிட்றேன். ராவோட ஆறிடும்" என்றாள். "ரெண்டு நடை ஆவும். ஆவட்டும். அவருகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே தம்பி."

"கேட்டா?"

"இன்னான்னு கேப்பாரு? தண்ணி சுத்தமாத்தானே கீது."

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தாள். கனகவல்லி பின்னால் போனாள். நான் வகுப்பறைக்குத் திரும்பி மைக்ராஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அடுத்த வாரம் நாலாம் வகுப்புக்கும் காட்டு, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றாள் அக்கா. எனக்கு நேரமில்லை என்றேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.